சேனலும் கேபிளும்: தமிழக அரசியலில் ஊடகச் சார்பின் இருப்பிடம்

2011 மே 13 அன்று வெளியான தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முடிவு, ஊடகத்தின் வலிமையைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு புதிரை விட்டுச்சென்றது. ஆட்சியிலிருந்த திமுகவிடம் 1942இல் தொடங்கிய ‘முரசொலி’ இருந்தது. கலைஞர் டிவி இருந்தது. மனஸ்தாபம் தீர்ந்து, கட்சித் தலைவர் கருணாநிதியின் உறவினர்களான மாறன் குடும்பத்தின் சன் குழுமமும் அதன் ‘தினகரன்’ நாளிதழும் மீண்டும் அருகில் வந்திருந்தன. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொடுத்ததும் அதே அரசுதான். பெட்டியும் அவர்கள் தந்தது, அதில் ஓடிய செய்தியும் பெரும்பாலும் அவர்கள் பக்கத்துச் செய்தி. ஆனாலும் திமுகவுக்குக் கிடைத்தவை 23 இடங்கள். அதிமுக கூட்டணி 203 இடங்களில் வென்றது.

ஊடகத்தால் தேர்தலில் ஒன்றும் ஆகாது என்று இதைவைத்து முடிவுகட்டிவிடலாம். ஆனால், வெற்றி பெற்றவர் அடுத்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். முதலமைச்சரான ஜெயலலிதா, நான்கு மாதங்களுக்குள் அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு உயிர்கொடுத்து, 2011 செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் அதை மக்கள்முன் வைத்தார். எதிரியின் சேனல்களையெல்லாம் மீறி வென்று வந்தவருக்குக் கேபிளைக் கையில் எடுப்பதில் அவ்வளவு அவசரம் ஏன்?

அந்த அவசரத்துக்குள் ஓர் அரசியல் அறிவு இருக்கிறது. ஊடகச் சார்பு என்றதும் நாம் செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்க்கிறோம். தமிழக அனுபவம் வேறிடத்தைக் காட்டுகிறது. வெளிப்படையாகத் தெரியும் சார்பைப் பார்வையாளர்கள் ஓரளவுக்குத் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள். செய்தி வீட்டுக்கு வந்துசேரும் பாதையிலும், அது எழுதப்படுவதற்கு முன்பே எழும் அச்சத்திலும் இருக்கும் சார்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. அரசியல்வாதிகள் இதை ஆய்வாளர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பத்திரிகை பெற்ற கட்சிகள்

நடுநிலையான பத்திரிகை முதலில் இருந்தது, பிறகு கட்சிகள் வந்து அதைக் கெடுத்தன என்ற கதை தமிழுக்குப் பொருந்தாது. 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர். 1916இல் உருவான தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை அந்தப் பெயரால் இன்று யாரும் சொல்வதில்லை. அது நடத்திய ‘ஜஸ்டிஸ்’ இதழின் பெயராலேயே அது நீதிக்கட்சி ஆனது. பெரியார் 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார். 1942இல் அண்ணா ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியபோது திமுக என்ற கட்சியே பிறந்திருக்கவில்லை. அதே ஆண்டு மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் 1967இல் சட்டப்பேரவைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்.

ஆகவே, ஒரு தாள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே வாசிப்பது தமிழ் வாசகருக்குப் பழகிப்போன ஒன்று. டீக்கடை பெஞ்சில் இரண்டு மூன்று தாள்கள் கிடந்ததும், ஒரே செய்தியை ஒன்றில் கொட்டை எழுத்திலும் இன்னொன்றில் உள்பக்க மூலையிலும் கண்டுபிடித்து வம்பளந்ததும் அந்தப் பழக்கத்தின் பகுதி. தொலைக்காட்சி வந்தபோது அதே முறை அதற்கும் நீண்டது. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் பாமக சார்பில் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் தேமுதிக சார்பில் கேப்டன் என்று கட்சிக்கொரு சேனல் வந்தது. ஜெயலலிதாவின் மறைவுக்குப் பிறகு ஜெயா டிவி சசிகலா குடும்பத்திடம் நின்றுவிட, அதிமுக 2018இல் நியூஸ் ஜெ என்று புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. கொடி, சின்னம், தலைமை அலுவலகம் ஆகியவற்றோடு சேனலும் ஒரு கட்சிக்கு இன்றியமையாத சொத்தாகிவிட்டது.

ஒரே இரவு, இரு காட்சிகள்

2001 ஜூன் 30 அதிகாலையில், மேம்பாலம் கட்டியதில் முறைகேடு என்ற வழக்கில் மு. கருணாநிதி அவரது வீட்டில் கைது செய்யப்பட்டார். எழுபத்தேழு வயதுத் தலைவரைக் காவலர்கள் பிடித்து இழுக்கும் காட்சியை, அவரது அலறலோடு சன் டிவி நாள் முழுவதும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. மத்திய அமைச்சர்களாயிருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் கைதானார்கள். காட்சி டெல்லிவரை அதிர்ந்தது. ஆளுநர் பாத்திமா பீவி ஒரு சில நாளில் பதவி விலக நேர்ந்தது. ஜெயா டிவியைப் பார்த்தவர்களுக்கோ வேறொரு கதை கிடைத்தது: சட்டம் தன் கடமையைச் செய்தது, எதிர்த்துத் தள்ளியவர்கள் மறுதரப்பினர். கேமரா பொய் சொல்லவில்லை. எந்த நொடியில் வெட்டுவது, எத்தனை முறை காட்டுவது, எந்த ஒலியை விடுவது என்பதிலேயே இரு கதைகளும் பிறந்தன.

சார்பின் அடிப்படை உத்திகள் மூன்றையும் அந்த ஒரு நாளில் பார்க்கலாம்: தேர்ந்தெடுப்பு, அடுக்கும் வரிசை, திரும்பக் காட்டல். மூன்றாவதன் வலிமையை 1996இலேயே தமிழகம் பார்த்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜெயலலிதா கைதானபின் போயஸ் தோட்டத்துச் சோதனையில் எடுக்கப்பட்ட நகைகளும் புடவைகளும் காலணிகளும் சன் டிவியில் ஓடிக்கொண்டேயிருந்தன. நீதிமன்றம் தீர்ப்பளிக்கப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. காட்சிகள் வழியே மக்கள் மன்றத்தில் வழக்கு அப்போதே நடந்து முடிந்திருந்தது. ஆனாலும் 2001 மே தேர்தலில் அதே வாக்காளர்கள் அதிமுகவை ஆட்சியில் அமர்த்தினார்கள். காட்சி மறக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அதைக் காட்டியவர் யார் என்பதும் சேர்த்தே நினைவில் இருந்தது.

கழித்துக்கொள்ளும் பார்வையாளர்

எடை குறைத்துப் போடும் கடை என்று தெரிந்தால், வாங்குபவர் அதற்கேற்பக் கொசுறு கேட்டு வாங்கிக்கொள்கிறார். கட்சிச் சேனலைப் பார்ப்பவரும் அப்படித்தான்: தொடருக்குச் சன், செய்திக்கு வேறு என்று ரிமோட்டை மாற்றிய அதிமுக வீடுகள் ஏராளம். இந்தக் கழித்தல் எந்த அளவுக்கு வேலை செய்கிறது, எப்போது தோற்கிறது என்பதை அளக்கப் பொருளியல் அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் தொடங்கியபோது எல்லா ஊர்களின் கேபிளிலும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை. கிடைத்த ஊர்களையும் கிடைக்காத ஊர்களையும் ஒப்பிட்ட ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, ஈதன் கப்லான் இருவரும் 2007இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சேனல் கிடைத்த ஊர்களில் 2000 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வாக்குப் பங்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளிவரை கூடியிருந்தது. கேட்கச் சிறிய எண்தான். ஃப்ளோரிடாவில் 537 வாக்குகளில் அதிபர் பதவியே முடிவான ஆண்டு அது.

ரஷ்யாவின் எண் வேறு. 1999 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், அரசின் பிடிக்கு வெளியே நின்ற ஒரே தேசியத் தொலைக்காட்சி என்டிவி. நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் அதன் அலைவரிசை கிடைக்கவில்லை. அது கிடைத்த இடங்களில் அரசு ஆதரவுக் கட்சியின் வாக்கு 8.9 சதவீதப் புள்ளி குறைந்ததாக எனிகொலோபோவ், பெட்ரோவா, ஷுராவ்ஸ்கயா ஆகிய மூவரும் 2011இல் கணக்கிட்டார்கள். 2001இலேயே அந்தச் சேனல், அரசுப் பிடியிலுள்ள காஸ்ப்ரோம் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி முக்கியமானது. பல குரல்களில் ஒன்றாக வந்த ஃபாக்ஸின் விளைவு சிறிது. மற்றெல்லோரும் ஒன்றையே சொன்ன இடத்தில் மாற்றிச் சொன்ன ஒரே குரலின் விளைவு பெரிது. அதனால்தான் ஒரு குரலைக்கூட விட்டுவைக்க ஆட்சியாளர்கள் அஞ்சுகிறார்கள். பெருவில் அதிபர் ஃபுஜிமோரியின் உளவுத்துறைத் தலைவர் மொன்டெசினோஸ், லஞ்சம் கொடுத்ததற்கெல்லாம் கணக்கும் காணொளியும் வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்த ஜான் மக்மில்லன், பாப்லோ சோய்டோ இருவரும், ஒரு தொலைக்காட்சி உரிமையாளருக்குத் தரப்பட்ட தொகை ஓர் அரசியல்வாதிக்குத் தரப்பட்டதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு என்று கண்டார்கள். ‘கனால் என்’ என்ற சிறு கேபிள் சேனலை மட்டும் அவர் பொருட்படுத்தவில்லை. அவர் பணம் கொடுக்கும் காணொளியை 2000 செப்டம்பரில் ஒளிபரப்பியது அதே சேனல். நவம்பரில் ஃபுஜிமோரியின் ஆட்சி முடிந்தது.

இந்த வெளிச்சத்தில் 1996ஐத் திரும்பப் பார்க்கலாம். தூர்தர்ஷன் மத்திய அரசின் கையில். மத்தியில் ஆண்ட காங்கிரஸ் அந்தத் தேர்தலில் அதிமுகவின் கூட்டாளி. மாற்றிப் பேசும் தனியார் குரல் என்று சன்னைத் தவிர வலுவாக வேறெதுவும் இல்லை. திமுக–தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணிக்கு ஆதரவான ரஜினிகாந்தின் பேச்சு வீடுகளுக்குப் போனது அதன் வழியாகத்தான். 2011இலோ ஆங்கிலச் செய்திச் சேனல்களும் ஜெயா டிவியும் வார இதழ்களும் திமுக மீதான 2ஜி அலைக்கற்றை ஊழல் புகாரை இரவுபகலாகப் பேசிக்கொண்டிருந்தன. ஒரு பக்கத்துச் சேனல்கள் மௌனம் காத்ததால் மக்களுக்கு அது தெரியாமல் போகவில்லை. சன் டிவி 1996இல் தனிக் குரல், 2011இல் பல குரல்களில் ஒன்று. புதிருக்கான விடையில் பெரும்பகுதி இதுதான்.

கம்பியின் அரசியல்

அப்படியானால் அரசியல் ஆதிக்கம் தேடுபவருக்குத் தன் சேனலில் கூட்டிச் சொல்வதைவிட, எதிரியின் சேனல் வீட்டுக்கு வந்துசேராமல் செய்வதில் ஆதாயம் அதிகம். தமிழகக் கேபிளின் வரலாறு இந்தக் கணக்கில் எழுதப்பட்டது.

செயற்கைக்கோளிலிருந்து சேனல்களை இறக்கித் தொகுத்து அனுப்புவது கட்டுப்பாட்டறை வைத்திருக்கும் பெரிய நிறுவனம். அங்கிருந்து வாங்கித் தெருத்தெருவாக இழுத்து வீட்டுக்குக் கொடுப்பவர் உள்ளூர்க் கேபிள்காரர். அனலாக் காலத்தில் ஒரு சேனலை முற்றாக நிறுத்த வேண்டியதுகூட இல்லை. படம் தெளிவாக வரும் அலைவரிசையிலிருந்து எடுத்து, புள்ளியும் கோடுமாக வரும் மேல்வரிசைக்குத் தள்ளிவிட்டால் போதும். பார்ப்பவர் சேனல் சரியில்லை என்று நினைப்பாரே தவிர, யாரோ கைவைத்தார்கள் என்று நினைக்க மாட்டார். சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன், மக்கள் வாயில் எஸ்.சி.வி., சென்னையிலும் பெருநகரங்களிலும் இந்த இடத்தைப் பிடித்தது. சேனலும் கம்பியும் ஒரே குடும்பத்தின் கையில் சேர்ந்தன.

2006 தொடக்கத்தில் ஜெயலலிதா அரசு, பெரிய கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்தச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை, தேர்தலில் ஆட்சியும் மாறியது. அடுத்த திருப்பம் கருணாநிதி குடும்பத்துக்குள்ளிருந்தே வந்தது. கருணாநிதிக்குப் பின் யார் என்ற கருத்துக்கணிப்பைத் ‘தினகரன்’ 2007 மே 9 அன்று வெளியிட்டது. அவரது மகன்களில் மு.க. ஸ்டாலினுக்குப் பெரும் ஆதரவும் மு.க. அழகிரிக்கு மிகச் சொற்ப ஆதரவும் என்று எண்கள் சொல்லின. அன்றே மதுரை ‘தினகரன்’ அலுவலகம் தாக்கித் தீவைக்கப்பட்டது. ஊழியர் மூவர் உயிரிழந்தார்கள். குற்றம்சாட்டப்பட்டோர் எல்லோரையும் விசாரணை நீதிமன்றம் 2009இல் விடுவித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அதைப் புரட்டி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அதன்பின் நடந்தவை ஒன்றையொன்று தொட்டு நின்றன. மாறன் குடும்பத்தைச் சேர்ந்த தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று கலைஞர் டிவி பிறந்தது. அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவானது. தஞ்சாவூர், கோவை, திருநெல்வேலி, வேலூர் ஆகிய ஊர்களில் கட்டுப்பாட்டறைகள் எழுந்தன. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானது. அரசு கேபிள் படுத்துக்கொண்டது. மக்களுக்குக் குறைந்த விலையில் கேபிள் என்ற பொதுநோக்கம் உண்மையில் எதைச் சார்ந்திருந்தது என்பதற்கு இந்தத் தேதிகளே போதுமான சாட்சி.

2011இல் ஜெயலலிதா எழுப்பியது இந்தப் படுத்துக்கிடந்த நிறுவனத்தைத்தான். தொடக்கத்தில் அதில் சன் குழுமத்தின் சேனல்கள் இல்லை. எழுபது ரூபாய் உண்மையான சலுகை. ஏழை வீடுகளுக்குப் பயன் இருந்தது. ஆனால், சேனலை வைக்கும் வரிசையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு குடும்பத்திடமிருந்து அரசுக்குக் கைமாறியதும் உண்மை. 2018இல் கோவையில் புதிய தலைமுறை நடத்திய விவாத நிகழ்ச்சிக்காக அந்தச் சேனல்மீதே வழக்குப் பதிவானது. அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டதாகப் பத்திரிகையாளர்களும் எதிர்க்கட்சிகளும் கண்டித்தார்கள். அனலாக் காலத்துப் புள்ளிப் படம், டிஜிட்டல் காலத்தில் சேனல் எண்ணாக மாறியிருந்தது.

மாநில அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பிலோ விநியோகத்திலோ இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் 2014இலும் பரிந்துரைத்தது. ஆனாலும் 2017இல் மத்திய அரசு, தமிழக அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமத்தை வழங்கியது. அலைக்கற்றை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகமோ தனியாரின் ஏகபோகமோ ஆகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் சொன்னது. இரண்டு ஏகபோகங்களையும் மாறிமாறிச் சோதித்துப் பார்த்த மாநிலம் தமிழ்நாடு.

எழுதும் முன்பே எழும் அச்சம்

கம்பிக்கு அப்பால் இன்னொரு கருவி உண்டு. 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களில் விடுவித்தது. 2003 நவம்பரில் ‘தி இந்து’வின் ஆசிரியர் குழுவினருக்கும், அதன் தலையங்கத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட ‘முரசொலி’ ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று பேரவை தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. முதலாவது எம்.ஜி.ஆர். ஆட்சி, அடுத்தது ஜெயலலிதா ஆட்சி.

இவை செய்தியான நிகழ்வுகள். செய்தியாகாமல் வேலை செய்தது அவதூறு வழக்கு. முதலமைச்சர் பற்றி எழுதினால், அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199ஆம் பிரிவு வழிவிட்டது. செலவு அரசுடையது, மாவட்டம் மாவட்டமாக வாய்தாவுக்கு அலையும் செலவு பத்திரிகையுடையது. 2011க்குப் பிந்தைய ஐந்தாண்டில் இப்படி 213 வழக்குகள் போடப்பட்டதாக 2016இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவற்றில் 55 ஊடகங்கள்மீது. பல வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் ரத்து செய்தது; மேலும் பலவற்றை 2021இல் வந்த திமுக அரசு திரும்பப் பெற்றது. தண்டனை இங்கே நோக்கமே இல்லை. இதைப் போட்டால் வழக்கு வருமா என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டால், வழக்கு தன் வேலையை முடித்துவிடுகிறது. அச்சில் வராத செய்தியில் சார்பைக் கண்டுபிடிக்க எந்த வாசகராலும் முடியாது.

‘நக்கீரன்’ கோபால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் ஒரு கோட்டை வரைந்தது: வெளியீட்டுக்கு முன்பே தடைபோடும் அதிகாரம் அரசுக்கு இல்லை. அந்தக் கோட்டை மீறாமலேயே அதே பலனை எட்டும் வழிதான் இந்த வழக்குகள். அரசு விளம்பரமும் அப்படியே. வேண்டிய ஊடகத்துக்குச் சலுகையாக விளம்பரம் தரக் கூடாது என்ற நெறிமுறையை உச்ச நீதிமன்றம் 2015இல் ஏற்றது. விளம்பரம் நிறுத்தப்பட்டதற்குக் காரணம் கேட்டு எந்தச் சிறு பத்திரிகை அரசோடு மல்லுக்கு நிற்கும்?

இரு தரப்பும் பேசாதவை

எதிரெதிர்ச் சார்புகள் ஒன்றையொன்று சமன்செய்யும் என்ற நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருக்கிறது. இரு தரப்பும் முரண்படும் விஷயத்தில் மட்டுமே அது பலிக்கும். இருவருக்கும் ஒரே நலன் இருக்கும் இடத்தில் இருவரும் சேர்ந்தே மௌனமாவார்கள்; ரிமோட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கனிமமும் கல்லூரியும் நிலமும் நடத்துபவர்கள் சேனலும் நடத்தும் மாநிலத்தில், கனிமத்தையும் கல்விக் கட்டணத்தையும் நிலத்தையும் பற்றி எத்தனை விவாதம் நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும்.

செய்தி அறையில் யார் இருக்கிறார்கள் என்பதும் இதே வகை. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் நாட்டின் முக்கிய ஊடகங்களில் 121 தலைமைப் பொறுப்புகளை ஆராய்ந்தபோது, 106 பேர் உயர்த்தப்பட்ட சாதியினர்; தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. தமிழில் இதற்கான பதில் நூறாண்டுக்கு முன்பே வந்தது: இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழ’னையும் தொடங்கினார்கள். தம்மைப் பேசாத பத்திரிகைகளின் சார்பைக் கண்டித்ததோடு நில்லாமல், தமக்கென்று ஒரு பாதையை அவர்கள் வெட்டிக்கொண்டார்கள்.

பாதை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியச் சான்று உண்டு. டிமதி பெஸ்லி, ராபின் பர்கெஸ் இருவரும் 1958 முதல் 1992 வரை பதினாறு மாநிலங்களை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள்: பத்திரிகை விற்பனை அதிகமுள்ள மாநிலங்களில், விளைச்சல் குறைந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் அரசு கூடுதலாக உணவும் நிவாரணமும் கொடுத்தது. இதைச் செய்தவை குறிப்பாக அந்தந்த வட்டார மொழித் தாள்கள். அவற்றில் நடுநிலையானவை எத்தனை என்று யாரும் சான்றிதழ் கொடுத்திருக்கவில்லை. அவை ஊர்ச் செய்தியைத் தலைநகருக்குக் கொண்டுபோயின, அதுவே போதுமானதாயிருந்தது.

ஆகவே, கட்சிகள் சேனல் நடத்தக் கூடாது என்ற கோரிக்கையில் மட்டும் ஆற்றலைச் செலவிடுவது பலன் தராது. பெயர் மாற்றி, உறவினர் பெயரில், அறக்கட்டளை வழியாக அவை வரவே செய்யும். வெளிப்படையாக வருவது ஒருவகையில் நல்லதும்கூட. கேட்க வேண்டியவை வேறு மூன்று. செய்தி தயாரிப்பவரும் அதை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. அது தனியார் குடும்பமானாலும் அரசானாலும் சரி. ஒரு சேனலின் எண்ணை மாற்றினாலோ ஒளிபரப்பை நிறுத்தினாலோ காரணத்தை எழுத்தில் தர வேண்டும், முறையிட ஓர் இடம் வேண்டும். எந்த ஊடகத்துக்கு எவ்வளவு அரசு விளம்பரம் போனது, எந்தச் செய்திக்கு எந்த அவதூறு வழக்கு போடப்பட்டது என்ற பட்டியலை அரசு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

யூடியூபும் கைபேசியும் வந்தபின் கேபிளைப் பற்றி எதற்குக் கவலை என்று கேட்கலாம். அங்கும் எந்தக் காணொளி மேலே வரும், எது கீழே புதையும் என்பதை முடிவுசெய்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் முகவரி கருணாநிதியின் கோபாலபுரமோ ஜெயலலிதாவின் போயஸ் தோட்டமோ அல்ல, அவ்வளவுதான். அவரிடம் காரணம் கேட்கும் உரிமையை நாம் இன்னும் கோரத் தொடங்கவில்லை. கேபிள்காரரிடம் அதைக் கேட்காமல் விட்டதன் விலையை இந்த மாநிலம் முப்பது ஆண்டுகளாகக் கொடுத்துவந்திருக்கிறது.